சாக்குத் திரை போட்ட முன்னறை

கமலாக்ஷிக்கு அந்த அறை ஒரு நாவலிலிருந்து கிடைத்தது. மொழிபெயர்ப்பு நாவல். அட்டையும் முதல் பக்கங்களும் போயிருந்ததால் எந்த நாட்டுக் கதை என்று தெரியவில்லை. அங்கே பனி பெய்தது என்பது மட்டும் தெரிந்தது. யார் யாரை ஏமாற்றினார்கள், யாருக்குச் சொத்து போயிற்று என்பதெல்லாம் அவளுக்கு மறந்துவிட்டது. ஓர் இடம் மட்டும் மறக்கவில்லை. ஒரு பெண் வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிறாள். மரத் தரை. தாழ்வான பலகை ஒன்று. அதன்மேல் சாயம் போடாத கம்பளித் துணி. ஒரு மண் கிண்ணம். சுவரில் சாயங்கால வெளிச்சம். அவள் அங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் இருக்கிறாள். பிறகு கதை வேறெங்கோ போய்விடுகிறது.

கமலாக்ஷி அங்கேயே நின்றுவிட்டாள்.

அதுவரை அவள் இருந்த வீடுகளில் ஒன்றும் செய்யாமல் உட்கார இடம் இருந்ததில்லை. கல்யாணமானதிலிருந்து ஆலுவாவில் மாமனார் வீடு. அங்கே கூடம் முழுக்க மாமனாருடைய சோபா செட். வெங்கிடாசலம் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் வகுப்புக் காத்திருப்பு அறையில் கிடந்ததை அளவெடுத்து, அதே மாதிரி தேக்கில் செய்வித்தது அந்த செட். மூன்று பேர் உட்காரும் பெரிது ஒன்று, ஒற்றை ஆளுக்கு இரண்டு, எல்லாவற்றுக்கும் மெரூன் நிற ரெக்ஸின். வெயில் காலத்தில் அதிலிருந்து யாராவது எழுந்தால் முதுகு பிரியும் சத்தம் சமையலறைக்குக் கேட்கும்.

1984ஆம் வருடம், மழை விடாத ஆவணியில், அவள் கணவன் அனந்தநாராயணனுக்கு மட்டாஞ்சேரியில் ஃபிளாட் கிடைத்தது. மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் அவன் ஹெட் கிளார்க். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் குடோன்களின் ஓட்டுக் கூரைகள், அவற்றுக்கு அப்பால் ஒரு கீற்றுக் காயல் நீர்.

“முன்னறையை என்கிட்ட விட்டுடுங்கோ. பாக்கியெல்லாம் உங்க இஷ்டம்” என்றாள் கமலாக்ஷி. பாக்கி இருந்தது ஒரு படுக்கையறையும் சமையலறையும்தான். அனந்தநாராயணன் சரி என்றான்.

கட்டடக்காரர் சுவருக்கு வெளிர்பச்சை டிஸ்டெம்பர் அடித்துக் கொடுத்திருந்தார். அதைச் சுரண்டி எடுக்கச் சொன்னாள். வேலைக்கு வந்த செல்லதுரை தென்காசிப் பக்கத்து ஆள், குடோன்களுக்கு வெள்ளையடிப்பவர்.

“சுரண்டிட்டு என்னம்மா அடிக்கணும்?”

“சுண்ணாம்பு. பளீர்னு வேண்டாம். துளி மஞ்சள் காவி கலந்து, கஞ்சி ஆறினா மேல ஒரு ஏடு படியுமே, அந்த நிறம்.”

“குடோனுக்கு அடிக்கிற மாதிரியா?”

“ஆமாம். வழவழன்னு தேய்க்க வேண்டாம். கை போன தடம் தெரியணும்.”

செல்லதுரை சுவரைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “தடம் தெரிஞ்சா வேலை தெரியாதவன் பூசுனான்னு சொல்லுவாங்களே.”

“சொல்லட்டும்.”

“கேட்டா என் பேரைச் சொல்லாதீங்கம்மா” என்றார். அவர் போட்ட ஒரே நிபந்தனை அதுதான்.

ஜன்னலுக்குச் சாக்குத் துணி. மிளகு கட்ட வருகிற புதுச் சாக்கு, தைப்பதற்கு முன்னால் துண்டாக இருப்பது. அதை வெந்நீரில் ஊற வைத்து அடித்துத் துவைத்து, மறுபடி ஊற வைத்து, மழைக்காலத்தில் பாதியை அவள் அதிலேயே கழித்தாள். முரட்டுத்தனம் போய்ப் பழைய வேட்டிபோல் தொங்க ஆரம்பித்தது. மழை பெய்யும்போது மட்டும் அதிலிருந்து சுக்கு வாசனை வந்தது. தரைக்கு ஆலப்புழைக் கயிற்று விரிப்பு, சாயம் ஏற்றாதது. அதன்மேல் தாழையோலைப் பாய்கள். சுவரோரம் ஒரு பலாப் பலகை, முழங்கால் உயரம் கூட இல்லை. காலண்டர், கண்ணாடி, கல்யாணப் போட்டோ எல்லாம் படுக்கையறைக்குப் போயின. விளக்குக்கு ஒரு மூங்கில் கூடையைக் கவிழ்த்து மாட்டினாள்.

“கமலம், இது மீன்காரி தலையில இருக்கற கூடை” என்றான் அனந்தநாராயணன்.

“கடைலேந்து நேரா வந்திருக்கு. மீனையே பார்த்ததில்லை.”

“வரவா அதைக் கூடைகிட்ட கேக்க மாட்டா.”

ஆனால் சாயங்காலம் விளக்கைப் போட்டதும் அவன் பாயில் உட்கார்ந்து, மூங்கில் நிழல் சுவர்த் தடங்களின் மேல் விழுவதை வெகுநேரம் பார்த்தான். ஆறு வயது மகள் காமாக்ஷி முதல் நாளே அறையை ஏற்றுக்கொண்டுவிட்டாள். ஓடுவதற்குத் தடையாக நடுவில் ஒன்றும் இல்லை.

ஃபிளாட் கிடைத்தால் பழனியில் மொட்டை போடுவதாக அனந்தநாராயணன் வேண்டிக்கொண்டிருந்தான். வேண்டுதலை ஊருக்குச் சொன்னால் பலன் குறையும் என்பது அவன் எண்ணம். அதனால் கமலாக்ஷியைத் தவிர யாருக்கும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை பழனிக்குப் போய் மீசையோடு சேர்த்து எடுத்துவிட்டு, திரும்பும் வழியில் ஆலுவாவில் இறங்கி அப்பாவைப் பார்த்தான். வெங்கிடாசலம் மூத்த மகனோடு அங்கேயே இருந்தார்.

“எனக்குப் போட வேண்டியதை இப்பவே போட்டுண்டுட்டயாக்கும்” என்றார் அவர், மொட்டையைப் பார்த்து.

“பழனி அப்பா.”

“ஷரி. புது வீட்ல உக்கார என்ன இருக்கு?”

“பாய் இருக்கு.”

“பாய் படுக்கறதுக்கு. உக்கார என்ன இருக்கு?”

அவன் துண்டை எடுத்து மொட்டையைத் துடைத்துக்கொண்டான்.

“சோபாவைக் கொண்டு வரேன். இங்கே உன் மன்னி அதுமேல துணி உலர்த்தறா. அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு லாரி சொல்லியாச்சு. நானே கூட வரேன். எது எங்கே போடணும்னு பக்கத்தில நின்னு சொல்லணும்.”

அவன் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது கமலாக்ஷி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைப்பதை நிறுத்தவில்லை.

“வேண்டாம்னு சொல்லலையா?”

“எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்.”

“எங்கப்பாகிட்ட நான் எதுக்கும் வேண்டாம்னு சொன்னதில்லை. இட்லிக்குக் கூட.” கொஞ்சம் யோசித்து ஒரு வழி சொன்னான். “வீடு பாக்க வரவா யாராவது நன்னாருக்குன்னு சொல்லட்டும். அதை வெச்சு ஒரு கடுதாசி போடறேன். எல்லாரும் இப்படியே இருக்கட்டும்ங்கறான்னு எழுதலாம். நான் சொல்றேன்னு எழுத முடியாது.”

அந்தப் பெரிய சோபா ஜன்னலடியில் வந்தால் வெளிச்சம் விழுகிற சுவர் மறைந்துவிடும். சின்னவை இரண்டும் வந்தால் பாய் விரிக்க இடம் இருக்காது. அவளுடைய அறைக்கு ஒரு வாரம் தவணை. வருகிறவர்கள் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை ஆபீசில் மேனேஜர் மேனன் அவன் தலையைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்தார். அவர் யாருக்கும் எழுந்து யாரும் பார்த்ததில்லை.

“ஸ்வாமி எவிடெப் போயிருன்னு?”

“ஆலுவா” என்றான். பழனியைச் சொல்லவில்லை.

கொச்சியில் ஒருவன் மொட்டைத் தலையோடு வந்து ஆலுவாவுக்குப் போயிருந்தேன் என்று சொன்னால் மேற்கொண்டு கேள்வி கிடையாது. பெரியாற்று மணலில் பிண்டம் வைத்துவிட்டு வந்திருக்கிறான் என்பது குழந்தைக்கும் தெரியும். மேனன் அவன் தோளைத் தொட்டார். நாலு நாள் லீவ் எடுத்துக்கொள்ளச் சொன்னார். புது வீட்டில் வேலை இருக்கும் என்று சொல்கிறார் என அனந்தநாராயணன் நினைத்தான். லீவ் எழுதிக் கொடுத்துவிட்டு வந்து, தங்கமான மனுஷர் என்று வீட்டில் சொன்னான்.

அன்று சாயங்காலமே ஆள் வந்தது. ஆபீஸ் சகா கல்யாணராமனும் அவர் மனைவி திரிபுரசுந்தரியும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சிரிக்காமல் உள்ளே வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள். சாக்கைப் பார்த்தார்கள். பாயில் சட்டையில்லாமல் உட்கார்ந்திருந்த அனந்தநாராயணனைப் பார்த்தார்கள். அவர்களும் உட்கார்ந்தார்கள். யாரும் பேசவில்லை. வெளிச்சம் சுவரில் மெல்ல இறங்கியது. அறை தன் வேலையைச் செய்கிறது என்று கமலாக்ஷி நினைத்தாள்.

வெகுநேரம் கழித்துக் கல்யாணராமன் தாழ்ந்த குரலில், “ஒரு நாற்காலி கூட வெச்சுக்கலையே” என்றார்.

“அப்பாவோட சோபா ஒண்ணு ஆலுவால இருக்கு” என்றான் அனந்தநாராயணன். “அதை இங்கே கொண்டு வந்து போட மனசு வரலை.”

கல்யாணராமன் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார்.

கமலாக்ஷி காபி கொண்டு வந்தாள். திரிபுரசுந்தரி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். “ஐயோ, இப்போ போய் எதுக்கு இதெல்லாம்” என்றாள். பிறகு இருவரும் எழுந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் படி இறங்கிப் போனார்கள்.

“வரேன்னு கூடச் சொல்லலை” என்றாள் கமலாக்ஷி.

“பிடிக்கலை போலிருக்கு.”

“பிடிக்கலைன்னா அவ்வளவு நேரம் உக்காருவாளா?”

அந்த வாரம் முழுக்க இப்படியே நடந்தது. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், காபி வேண்டாம் என்றார்கள், சொல்லாமல் போனார்கள். இடப்பள்ளியிலிருந்து வந்த ஒரு குமாஸ்தா, அனந்தநாராயணன் இரண்டு தடவைதான் பேசியிருக்கிற ஆள், பலகையைப் பார்த்தபடி அழுதுவிட்டார். கமலாக்ஷி அந்த ராத்திரி அதைப் பற்றியே யோசித்தாள். நாவல்களில் யார் யாருக்காகவோ அழுகிறார்கள். ஓர் அறையின் லட்சணத்தைப் பார்த்து அழுதவரை அவள் எந்த நாட்டுக் கதையிலும் படித்ததில்லை. இருந்தாலும் அவரும் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. அழுததை வைத்துக் கடுதாசி எழுத முடியாது.

சனிக்கிழமை கோவிலுக்குப் போனாள். வாசலில் திரிபுரசுந்தரி நின்றிருந்தாள். இவளைப் பார்த்ததும் ஓடி வந்து கையைப் பிடிக்கப் போய், பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள்.

“என்ன காரியம் பண்றே கமலா? கோவிலுக்கு வரலாமோ? பத்து கழியலையே.”

“என்ன பத்து?”

“உனக்கு மனசு ஒரு நிலையில இல்லை. பாவம்.” திரிபுரசுந்தரியின் குரல் இறங்கியது. “உங்க மாமனாருக்கு என்ன வயசு இருக்கும்?”

கமலாக்ஷி வயதைச் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே புரிந்தது. மொட்டை, ஆலுவா, பாய், மூளிச் சுவர், ஜன்னலில் சாக்கு. யாரும் தொடாத காபி. ‘அவர் சௌக்கியமா இருக்கார்’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். நாலு நாள் லீவ் நினைவுக்கு வந்தது. வாயை மூடிக்கொண்டு, சாமி பார்க்காமல் திரும்பி நடந்தாள். திரிபுரசுந்தரிக்கு இருந்த கொஞ்ச நஞ்ச சந்தேகமும் அதோடு போயிற்று.

விஷயத்தைக் கேட்டு அனந்தநாராயணன் வெகுநேரம் மொட்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

“திங்கக்கிழமை ஆபீஸ்ல சொல்லிடறேன்.”

“என்னன்னு?”

“அப்பா இருக்கார்னு.”

“அப்போ லீவ் எதுக்குன்னு கேப்பாளே.”

“அதான்” என்றான். “மேனன் எழுந்து நின்னார் கமலம். அதுக்கப்பறம் எப்படிச் சொல்றது?”

“அது கிடக்கட்டும். நாளைக்குச் சோபா வரது.”

“ஆமாம்” என்றான்.

ஞாயிற்றுக்கிழமை லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. வெங்கிடாசலம் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். டிரைவரைக் கீழே நிற்கச் சொல்லிவிட்டு மாடி ஏறி, வாசற்படியில் நின்று அறையைப் பார்த்தார்.

“வெள்ளையடிச்சு முடியலையா?”

“முடிஞ்சுது அப்பா” என்றாள் கமலாக்ஷி.

“திரை எங்கே?”

“அதான் திரை.”

“அது சாக்கு.”

“ஆமாம்.”

அவர் மேற்கொண்டு விவாதிக்கவில்லை. பிளாட்பாரத்தில் நடப்பதுபோல் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறையை அளந்து நடந்தார். “பெரிசு ஜன்னலடியில. சின்னது ரெண்டும் எதிரும் புதிருமா. பலகையைச் சமையலறையில போடு. கூடையைக் கழட்டணும், எழுந்திருந்தா தலையில இடிக்கும். டேய், டிரைவரைக் கூப்பிடு.”

அனந்தநாராயணன் கதவுவரை போனான்.

“அப்பா, சோபா வேண்டாம்” என்றாள் கமலாக்ஷி.

வெங்கிடாசலம் நின்றார். “யார் சொல்றா?”

“நான்தான்.”

அவர் மகனைப் பார்த்தார். மகன் மூங்கில் கூடையைப் பார்த்தான்.

“எதுக்கு வேண்டாம்?”

“இந்த அறை எனக்கு இப்படியே வேணும்.”

“இப்படின்னா எப்படி? இதில என்ன இருக்கு?”

அவள் வாயைத் திறப்பதற்குள் படியில் ஆள் ஏறும் சத்தம் கேட்டது. கம்பெனியின் குடோன் சூப்பர்வைசர் நல்லசிவமும் அவர் மனைவி மாயம்மாளும். சங்கரன்கோவிலுக்குப் போயிருந்து முந்தைய நாள்தான் திரும்பியவர்கள். நல்லசிவம் அனந்தநாராயணனின் இரண்டு கைகளையும் பிடித்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். மாயம்மாளும் உட்கார்ந்தாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகு தனியாக நிற்பது மரியாதையாக இல்லை. வெங்கிடாசலமும் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்தபடி, பாயில் இறங்கிச் சுவரில் சாய்ந்தார்.

காமாக்ஷி ஓடி வந்து, “தாத்தா” என்று அவர் மடியில் விழுந்தாள்.

மாயம்மாள் அதைப் பார்த்துப் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அம்மா வழித் தாத்தாவா? ஒருத்தரு போனாலும் பிள்ளைக்கு ஒருத்தரு இருக்கீயளே. அது போதும்.”

“யார் போனா?” என்றார் வெங்கிடாசலம்.

“சம்பந்தி மேல உசுரு போல” என்று மாயம்மாள் கணவனிடம் முணுமுணுத்தாள். “இன்னும் நம்பல பாருங்க.”

நல்லசிவம் அவர் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “மனசத் தேத்திக்கிடுங்க. சம்பந்தி ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவுகளாமே. கம்பெனியில சொன்னாக.”

வெங்கிடாசலம் மகனுடைய மொட்டையைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார். கடைசியில் கமலாக்ஷியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். கீழே லாரி டிரைவர் யாரோடோ பேசிச் சிரிப்பது கேட்டது.

“இருந்தார்” என்றார் வெங்கிடாசலம்.

“எப்படிப்பட்ட மனுசன்?”

அவர் யோசித்தார். “நேரம் தவற மாட்டார்.”

“கோவக்காரரோ?”

“கோவம் உண்டு. நியாயமான கோவமாக்கும்.”

“அதான பாத்தேன்” என்றார் நல்லசிவம். “இல்லாட்டி பிள்ளைய இப்படி வளத்திருக்க முடியுமா? எங்கப்பன் போன பதினாறாம் நாளு எங்கண்ணன் புது டிவி வாங்கி வெச்சான். கேட்டா, துக்கத்த மறக்கணும்லாங்கான். இவுகளப் பாருங்க. ஒரு நாக்காலி இல்ல. கட்டில் இல்ல. சாக்கக் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டு உக்காந்திருக்காக. அப்பா உக்காந்த சோபாவ இங்க கொண்டாந்து போட மனசு வரலன்னு சொல்லியிருக்காக.”

“யார்கிட்ட சொன்னான்?”

“கல்யாணராமன் சார்ட்ட. கம்பெனி பூரா அதான் பேச்சு.”

“மனசு வரலைன்னு சொன்னானோ?”

“ஆமாங்க.”

அனந்தநாராயணன் தலையைக் குனிந்துகொண்டான். மொட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பளபளத்தது. வெங்கிடாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்லசிவமும் மாயம்மாளும் எழுந்து, சொல்லாமல் போனார்கள்.

அவர்கள் போனபின்னும் வெங்கிடாசலம் எழுந்திருக்கவில்லை.

“எத்தனை நாளா இது?”

“திங்கக்கிழமைலேந்து” என்றான் அனந்தநாராயணன். “எங்களுக்கே நேத்திக்குத்தான் தெரியும். அப்பா, நான் வேணும்னு—”

“யாரெல்லாம் வந்தா?”

அவன் சொன்னான். மேனேஜர் எழுந்து நின்றதையும் லீவையும் சொன்னான். இடப்பள்ளிக்காரர் அழுததைக் கமலாக்ஷி சொன்னாள்.

“நெஜமா அழுதாரா?”

“கண்ணைத் துடைக்கத் துண்டு கொடுத்தேன்.”

“ஆலுவால நான் ராத்திரி பூரா இருமினாலும் ஜன்னலைச் சாத்திக்கறா” என்றார் வெங்கிடாசலம். யாரையும் குறை சொல்வதுபோல் சொல்லவில்லை. வண்டி தாமதம் என்று அறிவிப்பதுபோல் சொன்னார்.

“திங்கக்கிழமை நான் உள்ளதைச் சொல்லிடறேன் அப்பா. மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

“எதுக்கு? மேனன் எழுந்து நின்னது எனக்காக்கும். அதை நீ எப்படி வாபஸ் பண்ணுவே?”

கீழே லாரி ஹாரன் அடித்தது. வெங்கிடாசலம் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஜன்னலுக்குப் போனார். சாக்கை இரண்டு விரலால் ஒதுக்கினார். கமலாக்ஷி பலகையில் கை வைத்தபடி நின்றாள். அதைச் சமையலறைக்கு எடுத்துப்போக வேண்டியிருக்கும் என்று நினைத்தாள்.

“சாதனம் இறக்கண்டா” என்று அவர் கீழே பார்த்து, இறக்க வேண்டாமென்று கையையும் ஆட்டிச் சொன்னார். “திரிச்சு கொண்டுபோய்க்கோ.”

“எங்கோட்டா ஸ்வாமி?”

“ஆலுவாக்குத்தன்னே.”

டிரைவர் ஏதோ சொன்னான். “வாடகை குறையில்லா, போய்க்கோ” என்றுவிட்டு அவர் சாக்கை விட்டார். விட்ட பிறகு விரலை முகர்ந்து பார்த்தார். “சுக்கா?”

“ஆமாம் அப்பா.”

திரும்பி வந்து பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். “சோபா இங்கே இருந்தா வரவா மூஞ்சி மாறிடும். இன்னும் ஒரு வருஷம் வரைக்கும் துக்கம் கேட்டு வரலாமாக்கும். தூரத்தில இருக்கறவாளுக்கு மெதுவாத்தான் தெரியவரும்.” காலை நீட்டிக்கொண்டார். “காமு, தாத்தாவுக்கு ஜலம் கொண்டு வா.”

குழந்தை சமையலறைக்கு ஓடினாள். லாரி கிளம்பிச் சந்து திரும்பும் சத்தம் மூன்று பேருக்கும் கேட்டது. கமலாக்ஷி பலகையிலிருந்து கையை எடுத்தாள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை யார் வரா?” என்றார் வெங்கிடாசலம்.

“திருப்பூணித்துறைலேந்து ஒருத்தர் வரதாச் சொல்லியனுப்பியிருக்கார்” என்றாள் அவள். “பாங்கில இருந்து ரிடையர் ஆனவர்.”

“என்னைத் தெரியுமோ?”

“தெரியாது.”

“அப்போ ஷரி” என்றார்.